அத்தான் பதில் சொல்லாத கேள்வி

என் அக்கா புருலைக் கட்டிக்கொண்ட எர்மெக் அத்தானைக் கேலி செய்வது என் பிறப்புரிமை. எங்கள் ஜனத்தில் மச்சினி என்ன செய்தாலும் அத்தான்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். கோபப்பட்டால் அவருக்குத்தான் கேவலம். கல்யாணத்தன்று அவருடைய பூட்ஸுக்குள் தயிரை ஊற்றி வைத்தேன். மனுஷன் காலை விட்டார், முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனால் மூச்சு விடாமல் விருந்து முடிகிறவரை அந்தத் தயிரோடேயே ஆடினார். மறுநாள் என்னைப் பார்த்து, "நல்ல தயிர்தான் மச்சினி. புளிப்புதான் கொஞ்சம் பத்தல" என்றார். இந்த ஆளைக் கோபப்படுத்த என்னால் முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்காக முயற்சியை விட்டுவிட முடியுமா?

ஆள் பெரிய உருவம். எங்கள் வீட்டு வாசல்படி அவருக்காகக் கட்டியதல்ல, ஒவ்வொரு முறையும் குனிந்துதான் வருவார், வாரத்தில் ஒருநாள் குனிய மறப்பார். நாரின் பக்கத்து மலையில் பிறந்து, வண்டி ஓட்ட நாங்கள் இருக்கிற தலைநகர் பிஷ்கெக்குக்கு வந்தவர். வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் பின்னால் ஏதோ குழந்தை தூங்குகிறது என்று நினைப்பீர்கள், அப்படி ஓட்டுவார். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. "டீ வேணுமா அத்தான்?" என்றால்கூட அந்தக் கேள்வியை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, நலம் விசாரித்து, பிறகுதான் "வேணும்" என்பார். அதற்குள் டீ ஆறிவிடும்.

மலையிலிருந்து ஒரு பையோடு வந்தவருக்கு வேலை கொடுத்தவர் ஓஸ்மோன். ஊர் ஓரத்தில் சின்னதாகப் பால் பண்ணை வைத்திருப்பவர். வேலை மட்டுமில்லை, படுக்க இடம், தன் மேஜையிலேயே சாப்பாடு. அத்தானின் கல்யாணத்துக்கு ஆடு அடித்துக் கொடுத்ததும் அவர்தான். அத்தான் எட்டு வருஷம் அவருடைய குளிர்வண்டியை ஓட்டினார்.

போன கோடையில் அந்த வண்டியின் டீசலில் ஓடுகிற குளிர்ப்பெட்டி செத்துப்போனது. அத்தான் போய்ச் சொன்னார். "இன்னும் ஒரு வாரம் ஓட்டுப்பா, அப்புறம் சரிபண்ணிக்கலாம்" என்றார் ஓஸ்மோன். ஈரச் சாக்கும் ஐஸ் கட்டியும் வைத்து அத்தான் ஓட்டிப் பார்த்தார். ஒரு பாலர் பள்ளிக்குப் போன தயிர் கெட்டுப்போய் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சோதனை போட ஆட்கள் வந்தபோது ஓஸ்மோன், "டிரைவர்தான் டீசலைத் திருடி விக்கறதுக்காகப் பெட்டியை அணைச்சுட்டான்" என்று சொன்னார். அத்தான் பக்கத்திலேயே நின்றார். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே வேலை போய்விட்டது, கூடவே பெயரும். பிஷ்கெக் என்னதான் பெரிய ஊராக இருந்தாலும் டிரைவர்களுக்கு அது ஒரு சின்னக் கிராமம்தான். யாரும் சாவியை அவர் கையில் தரவில்லை. குளிர்காலம் முழுக்க நிலக்கரி மூட்டை தூக்கினார்.

அத்தானின் தம்பி ரஷ்யாவில், யெகாதெரின்புர்க்கில் இருக்கிறான். "கிடங்குல ஆள் வேணுமாம், மாசக் கடைசிக்குள்ள வாண்ணே" என்று ஃபோன் மேல் ஃபோன். புருல் அக்காவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்பா என்பவர் ஃபோனுக்குள் இருக்கிற ஒருவர். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று, நிஜமாகவே ஊருக்கு வந்த தகப்பனைப் பார்த்து பயந்து, ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அக்காவுக்கு நாலு வயதில் பெக்துர் இருக்கிறான், வயிற்றிலும் ஒன்று இருக்கிறது. "என் பிள்ளைங்களுக்கு ஃபோன் அப்பா வேண்டாம்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மருந்துக் கம்பெனி, கிராமங்களுக்குத் தடுப்பூசி கொண்டுபோகக் குளிர்வண்டி ஓட்ட ஆள் தேடியது. அத்தானைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நேரில் இல்லை, ஃபோனில், முகம் பார்த்து. இந்த வேலை கிடைத்தால் அத்தான் வீட்டில், இல்லாவிட்டால் ரஷ்யாவில். நடுவில் வேறு எதுவும் இல்லை.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு பஜாரில் ஃபோன் உறை விற்பவள். ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் எப்படிக் கிடுக்கிப்பிடி போடுவார்கள் என்று விளக்குகிற வீடியோக்களை உட்கார்ந்து பார்த்ததில் பெரிய பேராசிரியராகவே ஆகிவிட்டேன். அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு, அக்காவின் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, அத்தானை முக்காலியில் உட்காரவைத்தேன்.

"சொல்லுங்க, உங்க பலவீனம் என்ன?"

யோசித்தார். "பூண்டு ஒத்துக்காது."

"அய்யோ அத்தான்! பலத்தைத்தான் பலவீனம் மாதிரி சொல்லணும். 'வேலையை முடிக்காம எனக்குத் தூக்கமே வராதுங்க, அதான் என் கஷ்டம்', இப்படி."

"எனக்குத் தூக்கம் நல்லா வருமே."

"நீங்க குறட்டை விடறது தெருவுக்கே தெரியும். அவங்களுக்கு எதுக்கு?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்ல அத்தான், அலங்காரம். சரி, அடுத்தது. நீங்க மரமாப் பிறந்தா என்ன மரமாப் பிறப்பீங்க?"

இது நானே கட்டிவிட்ட கேள்வி. எந்தக் கம்பெனியும் இப்படிக் கேட்குமா தெரியாது. மனுஷன் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு அரை நாழிகை யோசித்தார். "ஆப்பிள் வேண்டாம், பசங்க கல்லெறிவாங்க. பாப்ளர் மரமாப் பிறக்கலாம். வெட்டினாலும் யார் வீட்டுக்காவது கூரைக்கு ஆகும்" என்றார். நான் சிரிக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஏனோ சிரிப்பு வரவில்லை, கோட்டு வேறு கழுத்தில் குத்தியது.

கடைசியாக அந்தக் கேள்விக்கு வந்தேன். "முந்தின வேலையை ஏன் விட்டீங்க?"

அத்தான் ஜன்னலைப் பார்த்தார்.

"அத்தான், இதைக் கட்டாயம் கேப்பாங்க. நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க. பெட்டி கெட்டுப்போச்சு, முதலாளி சரிபண்ணல, பழியை உங்க தலையில போட்டாரு. முடிஞ்சுது."

"அவரு மேஜையில எட்டு வருஷம் உப்பு தின்னிருக்கேன். அதே வாயால அவரைப் பத்தி வெளியாள்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அவரு மட்டும் உங்களைப் பத்திச் சொன்னாரே?"

"அவரு நம்ம வீட்டு உப்பைத் தின்னதில்லையே."

அடுப்படியிலிருந்து அக்கா கத்தினாள். "இப்படியே பேசிட்டிருங்க. உங்க வாய்க்குப் பூட்டுப் போட்டது ஓஸ்மோன் இல்ல, நீங்களேதான்!"

சரி, உண்மை வேண்டாம், பொய்யாவது சொல்லுங்கள் என்று வேறு பதில்கள் கொடுத்துப் பார்த்தேன். 'இன்னும் பெரிய இடத்துல கத்துக்கணும்னு வந்துட்டேன்' என்று சொல்லச் சொன்னேன். "துரத்தினாங்க, நானா வரலையே" என்றார். உண்மையைச் சொல்ல மாட்டார், பொய்யும் சொல்ல மாட்டார். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு எந்தப் பேராசிரியரும் என்ன செய்ய முடியும்?

கம்பெனி கூப்பிடுகிற நாள் காலையில் அக்கா மேஜைமேல் துணி விரித்து ரொட்டி, வெண்ணெய், ஜாம், எண்ணெயில் பொரித்த பூர்சோக் மாவுத்துண்டுகள் என்று அடுக்கிவிட்டாள். அத்தான் சொல்லித்தான்.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஆளுங்க வர்றாங்க. வெறும் மேஜையா இருக்கலாமா?"

"அவங்க வீட்டுக்குள்ள வரல அத்தான். ஃபோனுக்குள்ள வர்றாங்க."

"ஃபோன் எங்க இருக்கு?"

"வீட்டுக்குள்ள."

"அப்புறம்?"

நானும் போய் ஜாமுக்கு ஒரு கரண்டி எடுத்து வந்து வைத்தேன்.

அவருடைய ஃபோன் திரையில் பாதி உடைந்திருந்ததால் என்னுடையதைக் கொடுத்தேன். ஃபோனை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டை பஜாரில் நான்தான் விற்கிறேன், வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே நானே ஸ்டாண்ட். மேஜைக்கு எதிரில் நின்று ஃபோனைப் பிடித்துக்கொண்டேன், நான் அவர்களுக்குத் தெரியாதபடி. அக்கா பெக்துரை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

திரையில் இரண்டு பேர். ஜில்திஸ் என்று ஒரு இளம்பெண், ஆள் எடுக்கிற வேலை அவளுடையது. பக்கத்தில் கனாத், நரைத்த மீசை, வண்டிகளுக்கெல்லாம் தலைவர்.

அத்தான் சட்டென்று எழுந்து நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னார்.

"உட்காருங்க எர்மெக் அண்ணே. உங்க பெல்ட்டுதான் தெரியுது" என்றாள் ஜில்திஸ்.

உட்கார்ந்தார். "ரொட்டி எடுத்துக்குங்க" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். கனாத் சிரிக்கவில்லை, கையை நீட்டி எடுப்பதுபோல் செய்து வாயருகே கொண்டுபோனார். "நல்லா இருக்கு, வீட்டம்மாகிட்ட சொல்லுங்க" என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க அண்ணே."

நான் இதற்கு அழகாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அத்தான் அதை அப்படியே மறந்துவிட்டு அப்பா பெயரில் ஆரம்பித்தார். தாத்தா, அவருடைய அப்பா என்று ஏழு தலைமுறையையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, "இவங்க வழியில நான்" என்று முடித்தார். ஜில்திஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கனாத்தோ, "அஞ்சாவதா சொன்னீங்களே, அவரு எங்க அம்மா பக்கத்துக்குச் சொந்தம் மாதிரி இருக்கே" என்று முன்னால் வந்து உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கைகூட வலிக்கவில்லை.

"உங்க பலவீனம்?"

"எதையும் ரொம்ப யோசிப்பேன். பதில் சொல்ல நேரமாகும்."

சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாக இருந்தது. அலங்காரமே இல்லை.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?"

"என் பையன் அப்ப ஸ்கூல்ல படிப்பான். காலையில அவனைக் கொண்டு விடற தூரத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

ஜில்திஸ் மறுபடி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒட்டுக் கேட்பதில் எங்கள் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது.

கனாத் தொண்டையைச் செருமினார். "எர்மெக், ஓஸ்மோனோட பண்ணையிலேர்ந்து ஏன் வந்தீங்க?"

அத்தான் ரொட்டியைப் பார்த்தார்.

"நாங்க அவருகிட்ட ஃபோன்ல பேசினோம். நல்ல டிரைவர்னுதான் சொன்னாரு. ஆனா குளிர்ப்பெட்டியை அணைச்சு டீசல் எடுத்தீங்கன்னும் சொன்னாரு."

"அவரு உடம்பு எப்படி இருக்காம்?" என்று கேட்டார் அத்தான். "முட்டி வலி இருந்துச்சு அவருக்கு."

"அது… நான் கேக்கல." கனாத் தடுமாறிவிட்டார். "பாருங்க எர்மெக், நாங்க கொண்டுபோறது குழந்தைங்களுக்குப் போடற மருந்து. இதைக் கேக்காம விட முடியாது. தப்பு பண்ணியிருந்தா பண்ணினேன்னு சொல்லுங்க. இனிமே நடக்காதுன்னு சொல்லுங்க. தப்பு பண்ணாதவன் யாரு? நான் எடுத்துக்கறேன்."

கதவைத் திறந்து, வாருங்கள் என்று கையையும் பிடித்து இழுக்கிறார். ஒரு 'ஆமாம்' போதும். நான் ஃபோனுக்கு மேலே தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன், சொல்லுங்க, சொல்லித் தொலைங்க.

"நான் எடுக்கல" என்றார் அத்தான்.

"அப்ப ஓஸ்மோன் பொய் சொல்றாரா?"

"நான் அப்படிச் சொல்லல."

"ரெண்டுல ஒண்ணுதானே இருக்க முடியும்?"

"ஆமாம்."

"எது?"

அத்தானின் பெரிய கை இரண்டும் மேஜைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. நெற்றியில் வேர்த்தது. கண் ஒரு முறை ஃபோனுக்கு மேலே, என்னிடம் வந்து போனது.

ஜில்திஸ் அதைப் பிடித்துவிட்டாள். "அண்ணே, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லியிருப்பார் வேறு யாராவது. "என் மச்சினி இருக்கா" என்றார் இவர். "ஃபோனைப் பிடிச்சுக்கிட்டிருக்கா. பேச விட்டுடாதீங்க, நிறுத்த மாட்டா."

அவர்கள் சிரித்தார்கள். "வா தங்கச்சி, இந்தப் பக்கம் வா" என்றாள் ஜில்திஸ். போனேன், ஃபோனோடு, அத்தான் பக்கத்தில். திரையின் மூலையில் என் முகம் தெரிந்தது, தலைகூட வாரவில்லை.

"நீயாவது சொல்லும்மா. உங்க அத்தான் அங்கேர்ந்து ஏன் வந்தாரு?" என்று அவளே கேட்டாள்.

என் நாக்கு வாய்க்குள் அடங்கியிருந்ததாகச் சரித்திரமே இல்லை. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனதே அதனால்தான். செத்துப்போன குளிர்ப்பெட்டி, ஈரச் சாக்கு, 'இன்னும் ஒரு வாரம் ஓட்டுப்பா', எல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. நான் சொன்னால் பாவமில்லை, ஓஸ்மோன் வீட்டு வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. வாயைத் திறந்தேன்.

"பெர்மெட்" என்றார் அத்தான்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மச்சினி, வாயாடி, குட்டிச்சாத்தான், இவைதான் என் பெயர்கள். தலையை ஆட்டவில்லை, முறைக்கவில்லை. பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். என்னிடம் அந்த மனுஷன் ஏதாவது கேட்டு வாங்கியதென்றால் அது ஒன்றுதான்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

கனாத் மீசையைத் தடவிக்கொண்டார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, எதற்காக என்றுதான் தெரியவில்லை. திருட்டை மறைக்கிறோம் என்று நினைத்திருப்பார். வேறு எப்படி நினைப்பார்? "சரிம்மா, நாங்க கூப்பிடறோம்" என்றார். திரை கறுத்துவிட்டது.

அடுப்படிக் கதவு திறந்தது. அக்கா அத்தான் பக்கம் திரும்பவே இல்லை, நேரே என்னிடம் வந்தாள். "உன்னைக் கேட்டாங்கல்ல? வாயத் திறந்து கேட்டாங்கல்ல? ஊருக்கெல்லாம் கதை சொல்லுவியே, இதை மட்டும் முழுங்கிட்டியா?"

"அவளை விடு புருல்" என்றார் அத்தான்.

"உங்களை நான் ஒண்ணும் கேக்கல!" என்று சொல்லிவிட்டு, மேஜையிலிருந்ததை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். வெண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பெக்துர் வந்து அப்பாவின் மடியில் ஏறி, "ஃபோன்ல யாருப்பா?" என்று கேட்டான். வழக்கம்போல் பதில் வர நேரமானது.

கம்பெனியிடம் இருந்தது என் எண். வெள்ளிக்கிழமை பஜாரில், ஒரு ஆளுக்கு உறை மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஜில்திஸ் கூப்பிட்டாள். "வேற ஒருத்தரை எடுத்துட்டோம் தங்கச்சி. அண்ணன்கிட்ட நீயே சொல்லிடறியா? எனக்குச் சொல்ல ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கு ஒரு மாதிரி இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்தேன். அத்தான் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் யோசித்துவைத்த எந்த வேடிக்கையும் வாயில் வரவில்லை. மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "சரி மச்சினி" என்றார். மறுபடி குனிந்து, பக்கத்து வீட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டே போனார். அந்த வீட்டில்தான் தள்ள ஆள் இல்லையே.

அத்தான் ரஷ்யாவுக்குக் கிளம்புகிற நாளன்று, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தபோது, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓஸ்மோன். முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கையில் புதுக் குளிர்கோட்டு ஒன்று.

"ரஷ்யா போறேன்னு கேள்விப்பட்டேன்பா. சொல்லாம போயிடுவியா? அங்க குளிர் எலும்பைத் தின்னும், இதைப் போட்டுக்கோ." அத்தானைக் கட்டிப்பிடித்தார். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடிப்பு என்றால் கையால் தள்ளிவிடலாம், அந்த ஆளுக்கு நிஜமாகவே அத்தானைப் பிடிக்கும்.

"உள்ள வாங்கண்ணே" என்றார் அத்தான். வாசலுக்கு வந்தவரை வேறு என்ன சொல்வது?

அக்கா முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு துணி விரித்தாள். அவரை விருந்தாளிக்குரிய மேலிடத்தில் உட்காரவைத்தோம். வீட்டில் சின்னவள் நான், டீ ஊற்றுவது என் வேலை. கெண்டியோடு உட்கார்ந்தேன்.

"அந்த மருந்துக் கம்பெனிக்காரங்க என்னைக் கேட்டாங்கப்பா" என்றார் ஓஸ்மோன். "நல்ல டிரைவர்னுதான் சொன்னேன். நல்லபடியாத்தான் சொன்னேன்."

"தெரியும்ணே" என்றார் அத்தான். "முட்டி எப்படி இருக்கு?"

எங்களிடம் விருந்தாளிக்குக் கோப்பையைப் பாதிக்குமேல் நிரப்ப மாட்டோம். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்கலாம், அவரும் இருந்துகொண்டே இருக்கலாம். விளிம்பு தளும்ப ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சொல்ல எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். அத்தானுக்குப் பாதி ஊற்றினேன். அடுத்த கோப்பையை எடுத்து, மேலே மேடு கட்டி நிற்கிற அளவுக்கு ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஓஸ்மோன் முன்னால் வைத்தேன்.

அவர் அப்போது குனிந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள்.

அத்தான் கையை நீட்டி, அவசரமே இல்லாமல், அந்தக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன்னுடைய பாதிக் கோப்பையை ஓஸ்மோன் முன்னால் தள்ளிவைத்தார்.

"குடிங்கண்ணே, ஆறிடும்" என்றார்.

பிறகு தளும்புகிற கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி, என்னைப் பார்க்காமல், கடைசிவரை குடித்தார். குடித்துவிட்டு எழுந்து, மூலையிலிருந்த பையை எடுத்துக்கொண்டார்.